எடுத்து வைத்த வீடுகள்

நல்லம்பள்ளி
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீயும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாமல், நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் இந்த முதல் வரியை எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று உனக்குத் திக்கென்று இருக்கும். நம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய விஷயம் உன் வேலையைப் பற்றியது. அதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ பேசும்போதெல்லாம் அறையில் தெரசா இருக்கிறாள், போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, நல்ல பெண்தான், நான் கேட்கிற கேள்விக்கு உனக்கு முன்னால் அவளே பதில் சொல்லிவிடுகிறாள், ஆனாலும் அவளும் உன் டீம், அவளுக்கும் அதே லீடர். தவிர நான் வாயைத் திறந்தால் நீ "அம்மா, உனக்குப் புரியாது, விடு" என்பாய், நானும் விட்டுவிடுவேன். எழுதினால் முழுக்கச் சொல்லலாம், நீயும் இரண்டு தடவை படிக்கலாம். பக்கத்து வீட்டு ஆசிம் புளி லோடு ஏற்றிக்கொண்டு நாளை விடியற்காலை புனேக்கு வண்டி எடுக்கிறான். வெள்ளிக்கிழமை உன் ஹாஸ்டல் வாசலுக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். உங்கள் புரோகிராம் சனிக்கிழமை லைவ் போகிறது என்று நீ சொன்னாய் அல்லவா, அதனால்தான் அவனைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "அக்கா, லோடு லேட்டானாலும் உங்க லெட்டர் லேட்டாவாது, போதுமா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர்ச் செய்தியைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கூட்டம் இன்னும் குறையவில்லை, ஒகேனக்கல் போகிற பஸ்ஸில் அப்பாவுக்கு நிற்க இடமில்லை, திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் வறுத்த மீன் பொட்டலத்தோடு ஏறுகிறார்கள், அந்த வாசனை அப்பாவின் காக்கிச் சட்டையில் ஏறி எத்தனை துவைத்தாலும் போகமாட்டேன் என்கிறது. கொடியில் காயப்போட்டதைப் பார்த்துவிட்டு ஹவுஸ் ஓனர் குள்ளம்மாள், "ஏய் கண்டக்டர் பொண்டாட்டி, நீ கொழம்பே வெக்க வேணாம், இந்தச் சட்டையப் பக்கத்துல வெச்சிக்கினு சோத்தத் தின்னுடலாம்" என்றாள். வாடகையைத் தவிர வேறு எதிலும் அவளுக்கு நம் மேல் கோபம் கிடையாது. இந்தப் பொங்கலுக்கு நம் காம்பவுண்டு ஆறு வீட்டுக்கும் வெள்ளையடித்துவிட்டாள். நம் வாசல் சுவரில் நீ சின்ன வயதில் கரியால் உயரம் குறித்து வைத்திருந்த கோடுகள் போய்விட்டன. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மீட்டர் பலகை, அதன் மேல் வரிசையாக இருக்கிற ஆறு பீஸ் கட்டைகள், அதையும் விடவில்லை, பழையதைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போன வருஷம் இந்த நாட்களில் நீ நடு அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய், நினைவிருக்கிறதா. வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. "கூடப் படிச்ச எல்லாரும் புதுசு புதுசா கத்துக்கறாங்க, எனக்கு மட்டும் நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்த பாஷையக் குடுத்துட்டாங்கம்மா" என்றாய். COBOL, நம் வாயில் கோபால், என்கிற அந்த மொழி நான் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால் வந்தது என்றும், பெரிய பெரிய கம்பெனிகளின் கணக்கு வழக்குகளைத் தாங்குகிற பெரிய கம்ப்யூட்டர்களில் இன்னமும் அதுதான் ஓடுகிறது என்றும், அதைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வேலையிலிருந்து ஓய்வுபெறுவதால்தான் உன்னைப் போன்றவர்களைத் தேடி எடுக்கிறார்கள் என்றும் பிறகு நீயே சொன்னாய். வீட்டிலிருந்தே பயிற்சி என்றதால் தினமும் சாயங்காலம் நான் கேள்வி கேட்க, நீ பதில் சொல்வாய். அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே, "யாருடி அந்தக் கோபாலு, ஆத்தாளும் மகளும் எந்நேரமும் அவன் பேரையே சொல்றீங்க" என்பார். உனக்கும் எனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம், பேக்கரியில் என்னை உன் அக்கா என்று நினைத்தார்களே, அந்த நாட்களில் எனக்கே அப்படித்தான் தோன்றியது, விட்டுப்போன காலேஜை உன் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு நானும் முடிக்கிறேன் என்று. நீ போன பிறகும் அந்தப் பழைய அரசு லாப்டாப்பில் நீ போட்டுக்கொடுத்ததை வைத்துக்கொண்டு நான் நிறுத்தாமல் படித்துவருகிறேன் என்பதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் கதைப் புத்தகம் படிக்கிறவள், எனக்கு அந்த மொழியின் கண்டிப்பு பிடித்துவிட்டது. முதலில் உன் பெயர் என்ன, எந்த மெஷினில் ஓடுகிறாய், உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் செய்யப்போகிற வேலையைச் சொல்ல முடியும். பெயருக்கு இத்தனை கட்டம், எண்ணுக்கு இத்தனை கட்டம் என்று முன்கூட்டியே அளந்து ஒதுக்க வேண்டும். எண்ணுக்கு ஒதுக்கிய கட்டத்தில் தப்பித் தவறி ஓர் எழுத்து உட்கார்ந்திருந்து, அதை வைத்து மெஷின் கணக்குப் போடப் போனால், அந்த இடத்திலேயே ஓட்டம் நின்றுவிடும். நீங்கள் "ஜாப் விழுந்துடுச்சு" என்பீர்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் எவ்வளவு புரிந்துகொண்டு பேசுகிறேன் என்று நீ தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன்.

இந்த ஒரு மாதமாக நீ உன் வேலையைப் பற்றித் துண்டு துண்டாகச் சொன்னதை இப்போது ஒன்றாகச் சேர்க்கிறேன், தப்பு இருந்தால் திருத்திக்கொள். எங்கோ குளிர் தேசத்தில், ஊர்ப் பெயர்கூடச் சொன்னாய், ஒரு கரண்ட் கம்பெனி. பில் கட்டாத வீடுகளில் எதை எதைத் துண்டிக்க வேண்டும் என்று தினமும் பட்டியல் போடுகிற புரோகிராம் ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை நாள் பொறுக்கலாம் என்று ஓர் எண் இருக்கிறது, அந்த நாள் தாண்டினால் பட்டியலில் பெயர் வரும். அந்தப் புரோகிராமைச் சுத்தம் செய்யும் வேலை உன்னிடம் வந்தது. உங்கள் லீடருக்கு GO TO என்கிற சொல்லைக் கண்டால் ஆகாது, இங்கேயிருந்து அங்கே தாவு, அங்கேயிருந்து இங்கே தாவு என்று எழுதுவது அந்தக் காலத்து அசிங்கம் என்பார் என்று நீ அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினாய். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் எடுத்தாய். எடுத்ததும் ஜாப் விழுந்தது. ஏன் என்று பார்த்தால் நாற்பது சொச்சம் வீடுகளில் நாள் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் K என்று ஓர் எழுத்து இருந்தது. அது என்ன எழுத்து என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, எழுதியவர்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். லீடர், "குப்பை டேட்டா, டெஸ்ட் ஃபைல்லேர்ந்து அத எடுத்து வெச்சிட்டு ஓட்டு" என்றார். எடுத்து வைத்தாய், ஓடியது, டெஸ்ட் பாஸ் என்று போட்டுவிட்டீர்கள். ஆனால் லைவில் அந்த வீடுகள் திரும்ப வந்து நிற்கும் என்பதால் நாலு வரி சேர்த்தாய், கட்டத்தில் எண் இல்லை என்றால் சைபர் போட்டுக்கொள் என்று. "நாலே வரிம்மா, இனிமே ஜென்மத்துக்கும் விழாது" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். புரோகிராமின் தலையில் நட்சத்திரம் போட்டு, மாற்றியவர் பெயரை எழுதும் வழக்கம் உண்டு, லீடர் தன் பெயரைப் போடாமல், டீமில் கடைசியாக வந்தவர்கள்தான் போட வேண்டும், அதுதான் இங்கே பழக்கம் என்று உன் பெயரைப் போடச் சொன்னார், முதல் தடவையாக என் பேர் வருதும்மா என்றாய். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. போனை வைக்கிற நேரத்தில் தெரசா பின்னாலிருந்து, "ஆன்ட்டி, அந்த K வீட்டுக்காரங்க செம லக்கி, பழைய ரிப்போர்ட்ல பாத்தோம், எத்தனை மாசம் கட்டலன்னாலும் ஒரு தடவகூட அவங்களுக்குக் கட் ஆனதே இல்ல" என்றாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அது பொங்கலுக்கு முன்னால்.

இப்போது மீட்டர் பலகைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக் கனி மாமாவுக்கு நுரையீரல் ரொம்ப மோசமாகிவிட்டது என்று உனக்குத் தெரியும். அத்தனை வருஷம் மெத்தைக்குப் பஞ்சு அடித்த தூசி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, போன ஆடியிலிருந்து பகல் இரவு எந்நேரமும் அந்த ஆக்சிஜன் மெஷினோடுதான் இருக்கிறார். மெஷின் வந்த அன்றைக்கு நம் எலக்ட்ரீஷியன் ராஜாமணி உன்னிடம் வந்து நகப்பூச்சு வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டுப் பீஸ் கட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாரே, "பாப்பா, யாரு வந்து பீசப் புடுங்கினாலும் இத மட்டும் தொடக்கூடாது, அதான் அடையாளம்" என்றாரே, ஞாபகம் இருக்கும். பிறகு ராஜாமணி ஓசூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். அந்தப் பொட்டு எதற்கு என்று போகும்போது யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை, பொட்டுதான் இருக்கிறதே. குள்ளம்மாள் வெள்ளையடித்தபோது கட்டைகளையும் மாற்றினாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாடிப்படி விளக்குக்கு ஒயர் இழுக்க மாது என்று ஒருவர் ஏரியூரிலிருந்து வந்தார். வந்தவர் ஜாக்கிரதையான ஆள்தான், ஷாக் அடிக்கக் கூடாது என்று ஆறு கட்டையையும் பிடுங்கி வரிசையாகப் படியில் வைத்துவிட்டுச் சுவரைத் துளைக்க ஆரம்பித்தார். அக்தர் அத்தை தண்டபாணி கடைக்குப் போயிருந்தாள். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். கரண்ட் போனால் அந்த மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தும், ஆனால் துளை போடும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன் மதி. குளிர் நாள், ஃபேன் ஓடவில்லை, லாப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போனதே எனக்குத் தெரியாது. அத்தை திரும்பிவந்து போட்ட கூச்சலில்தான் ஓடினேன். மாமாவின் உதடு அவரைத் தினமும் பார்க்கிற எனக்கே அடையாளம் தெரியாத நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஆசிம் அவசரத்துக்கு வைத்திருக்கிற ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்க, மாது கட்டையைத் திரும்பச் சொருக, ஆட்டோவில் தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது, பெற்ற மகன் ஆசிமையே சில சமயம் யார் என்று கேட்கிறார். உன் பொங்கல் கெட்டுவிடக் கூடாது என்று போனில் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

வாசலில் அன்றைக்குப் பெரிய சண்டை. அத்தை மாதுவின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "எனக்கு என்னாங்க தெரியும், ஆறு கட்டையும் பாலாட்டம் வெள்ளையா இருந்துச்சு, ஒண்ணுலயும் ஒண்ணும் எழுதல, நான் சாமியாராங்க, மூஞ்சியப் பாத்துச் சொல்ல" என்று அவர் அழுதார். குள்ளம்மாள், "நல்ல நாளும் அதுவுமா வூடு சுத்தமா இருக்கட்டும்னு நெனச்சது ஒரு குத்தமாடி, செவப்பா என்னமோ ஒழுகியிருக்குதேன்னுதான் தூக்கிப்போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு உன் K வீடுகள் ஞாபகம் வந்தன. செவப்பா என்னமோ ஒழுகியிருக்குது. குப்பை டேட்டா. இருவரும் கெட்டவர்கள் இல்லை, இருவரும் சுத்தம் செய்தார்கள்.

மாமா வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் லாப்டாப்பைத் திறந்து நம் காம்பவுண்டு ஆறு வீட்டையும் ஒரு ஃபைலாக எழுதினேன். பெயருக்கு இருபது கட்டம், பொறுக்கும் நாளுக்கு மூன்று கட்டம். எல்லாருக்கும் ஒரு எண் போட்டேன், நமக்கும் போட்டேன், கனி மாமாவுக்கு மட்டும் K என்று போட்டேன். எல்லா வீட்டுக்கும் பில் கட்டாமல் இரண்டு நாள் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். முதலில் பழைய முறையில் ஓட்டினேன். நீ சொன்ன அந்த அசிங்கமான GO TO இருக்கிறதே, கட்டத்தில் எண் இல்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போ என்று சொல்கிறவன், அவன் மாமா வீட்டு வாசலில் நிற்காமல் தாண்டிப் போய்விட்டான். ஒரு பெயரும் பட்டியலில் வரவில்லை. பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன், மாமா வீட்டில் வந்து விழுந்தது. தப்பு இருந்தால் நிற்கும்படி நீதான் அமைத்துக் கொடுத்திருந்தாய். பிறகு உன் நாலு வரியைச் சேர்த்தேன். ரொம்ப அழகாக ஓடியது, எங்கும் நிற்கவில்லை, சரியாக முடிந்தது என்று சொன்னது. துண்டிக்க வேண்டிய வீடுகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர் இருந்தது. எங்கள் எல்லாருக்கும் பொறுக்க நாள் இருந்தது மதி. அவருக்குச் சைபர். சைபர் என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம் என்றுதானே அர்த்தம். நான் லாப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் நினைப்பது முழுக்கத் தப்பாகவும் இருக்கலாம். K என்றால் கடிக்கிற நாய் உள்ள வீடாக இருக்கலாம், அந்த ஊர் லைன்மேன் பயந்துபோய்ப் போட்ட குறியாக இருக்கலாம், அப்படி என்றால் எல்லாருமாகச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் கேட்டுப் பார்க்காமல் சிரிக்கக் கூடாது. எப்போதோ ஒருவர் அத்தனை ஆயிரம் வீடுகளில் நாற்பது வீட்டை மட்டும் தேடிப்போய், கட்டத்தில் வேறு இடம் இல்லாமல், எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தை வைத்திருக்கிறார், அந்த எழுத்தைக் கண்டால் தாண்டிப் போ என்று இன்னொரு இடத்தில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். தூங்கிவழிந்து செய்த தப்பு இரண்டு இடத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தி வராது. ராஜாமணியைப் போலத்தான், அடையாளம் வைத்தார், எதற்கென்று எழுதாமல் போய்விட்டார். அந்த வரியை எடுத்தவள் நீ, அந்த எழுத்தை அழித்தவள் நீ, தலையில் இருக்கிற பெயரும் உன்னுடையது. உங்கள் லீடர் பெயர் எங்கும் இல்லை. நாளைக்கு அங்கே ஏதாவது வீட்டில் ஒருவர் மாமாவைப் போல் கிடந்தால், ஆறு கட்டையும் வெள்ளையாக இருந்தது என்று சொல்லக்கூட உனக்கு வழியிருக்காது, ஏனென்றால் நீ எழுத்தைப் பார்த்தாய். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்காததற்கு இதுதான் காரணம். உனக்கு வரப்போகிற பழியை நினைத்து மட்டும் அல்ல, முதலில் அப்படித்தான் நினைத்தேன், இப்போது அந்த வீட்டுக்காரர்களின் முகம் தெரியாமலேயே அவர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. எடுத்து வைத்த வீடுகளை டெஸ்ட் ஃபைலில் திரும்ப வை. ஜாப் விழட்டும், விழுந்ததை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மெயிலில் எழுது, இந்த எழுத்துக்கு அர்த்தம் தெரியும் வரை இதை லைவில் விட வேண்டாம் என்று எழுது, அந்தக் கரண்ட் கம்பெனியில் இருக்கிறவர்களுக்கும் போகும்படி எழுது. வாயால் சொல்லாதே, வாயால் சொன்னதற்கு அவர் வாயாலேயே சரி என்று சொல்லிவிட்டுப் போவார். புரொபேஷன் முடியவில்லை, லீடருக்குக் கோபம் வரும், வேலை போய்விடும் என்று நீ பயப்படுவாய். எனக்கும் பயம்தான். இந்த வேலையை நினைத்துத்தான் நாம் என்னென்னவோ திட்டம் போட்டிருக்கிறோம். அப்பாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கே தெரியும், நான் எதையும் அவரிடம்கூட எளிதில் சொல்கிறவள் இல்லை. பஸ் டைம் போய்விட்டது என்று டிரைவர் தினமும் ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பாராம், "அவருக்கு முன்னாடி இருக்கற ரோடுதான் தெரியும், பின் படியில ஒரு ஆளு ஒத்தக் கால்ல தொங்கறது எனக்குத்தான் தெரியும், அவரு எத்தினி தடவ அடிச்சாலும் நான் விசில் குடுக்க மாட்டேன், கத்தினா கத்தட்டும், டெப்போவுல போயி சொல்லட்டும்" என்றார் அப்பா. பிறகு, "வேல போனா வரச்சொல்லு, இங்க சோத்துக்குச் சட்ட இருக்குது" என்றார். இரண்டு நாளில் நான் சிரித்தது அதற்குத்தான். ஆகவே வேலை போனால் வீடு இருக்கிறது, அதை நினைத்து எழுத வேண்டியதை எழுதாமல் இருந்துவிடாதே.

இன்னொன்று. அர்த்தம் தெரிந்த பிறகு, அது என்னவாக இருந்தாலும் சரி, நாயாக இருந்தாலும் சரி, உன் பெயருக்குக் கீழே நட்சத்திரம் போட்டு ஒரு வரி எழுதிவிடு, K என்றால் இது, தொடாதே என்று. நட்சத்திரம் போட்ட வரியை மெஷின் படிக்காது என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஆனால் என்றைக்கோ இன்னொரு வீட்டு நடு அறையில் அழுதுகொண்டே இந்தப் பாஷையைப் படித்துவிட்டு ஒரு பெண் அங்கே வந்து உட்காருவாள், அவளும் சுத்தம் செய்யத்தான் வருவாள், அவள் படிப்பாள். நான் இங்கே அதைத்தான் செய்தேன். உன் நகப்பூச்சு பாட்டிலிலேயே இறுகிக் கல்லாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கி மாமா வீட்டுக் கட்டையில் பொட்டு வைத்தேன், பலகையில் பெரிய எழுத்தில், இந்த வீட்டில் மூச்சு மெஷின் ஓடுகிறது, பிடுங்காதீர்கள் என்று எழுதினேன். புதுப் பெயிண்ட் கெட்டதைப் பார்த்துக்கொண்டே குள்ளம்மாள் வந்தாள். என் கையிலிருந்து பிரஷை வாங்கி, பூச்சு மெலிசாக இருந்த இடத்தில் இன்னொரு தடவை அவளே தடவினாள்.

உனக்கு நல்ல புத்தியும் அதைச் செய்ய நெஞ்சில் பலமும் கிடைக்க வேண்டும், உடம்பு சுகமாக இருக்க வேண்டும், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஆசிமிடம் ஊறுகாயும் கம்பளிக் குல்லாயும் கொடுத்திருக்கிறேன், ஊறுகாயில் பாதி தெரசாவுக்கு, அவளிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டலாம் என்று உனக்குத் தோன்றினால் காட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆசிம் உன்னைப் பார்த்தேன் என்று சொல்லாவிட்டால் நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், யார் கேட்டாலும் பரவாயில்லை. நீ கூப்பிடும்போது வேறு எதுவும் விளக்க வேண்டாம், எடுத்து வைத்த வீடுகளைத் திரும்ப வைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், எனக்குப் போதும்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா,
நிர்மலாதேவி

இதை எழுதி முடித்து உறையில் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது, ஊர் முழுக்க. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்துவது கேட்டது, அத்தை சிலிண்டரைத் திறக்கும் சத்தமும் கேட்டது, பிறகு மாமா இருமினார். அந்த இருமல் கேட்கும் வரை நான் மூச்சுவிடவில்லை. உன்னுடைய அந்த நாற்பது வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இப்போது நீதான் இருக்கிறாய் மதி. அந்த வீடுகள் இருக்கிற ஊரில் இன்றைக்கு என்ன குளிர் என்று போனில் பார்த்தேன், மைனஸ் பதினாலு என்று இருக்கிறது.